நான்காம் சுற்றின் மௌனம்

லெஸ்டர்
பிப்ரவரி 8, 1931

மிஸ் ஆனிஸ் கோட்ஸ் அவர்களுக்கு,

பன்னிரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். 'அன்புள்ள அக்கா' என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நான் செத்துப்போய்விட்டதாக அச்சிலேயே போட்டாகிவிட்டது. செத்தவன் யாரை அக்கா என்று கூப்பிடுவது?

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது. மனைவி பெயர் ஃப்ளோரி. இங்கே தொழிலாளர் மன்றத்தில் வியாழக்கிழமைதோறும் பழைய நடனங்கள் சொல்லித்தருகிறார்கள், அவள் போகிறாள். போன வாரம் என்னையும் விடவில்லை. "நாளெல்லாம் தச்சுப்பட்டறையில மரத்தூள முழுங்கிட்டு வந்து சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, எந்திரிச்சு வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

சொல்லித்தரும் பெண் சின்னவள். கையில் புத்தகம். "இன்னைக்கு நாம கத்துக்கப் போறது விதர்டேல் குவாட்ரில்" என்றாள். நம் ஊர்க் குவாட்ரில்! நாலு ஜோடி சதுரமாக நின்றார்கள். வயலினுக்குப் பதில் ஒரு பியானோ. முதல் மூன்று சுற்றும் ஒரு மாதிரி ஓடியது. நான்காம் சுற்றுக்கு முன்னால் அந்தப் பெண் புத்தகத்தை விரித்து, தேவாலயத்தில் வாசிப்பதுபோல் வாசித்தாள். எழுதியவர் பெயர் ஆப்ரி வின்டர்போர்ன். அந்த வரிகளை அப்படியே எழுதுகிறேன், நீயும் படி:

'இந்தச் சுற்றில் ஒரு பெண் துணையின்றி நிற்பாள். அவள் கணவன் போரில் வீழ்ந்த வீரன். அவனுடைய முறை வரும்போது வயலின் எட்டுத் தாளக்கட்டுக்கு மௌனமாகிறது. அந்த மௌனத்தில் விதவை தனியே ஆடுகிறாள். கிறிஸ்துவுக்கு முந்தைய பலிச் சடங்கு ஒன்றை, இந்தப் பள்ளத்தாக்கு மக்கள் தங்கள் வீரர்களுக்கான அஞ்சலியாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.'

கூடத்தில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

நான் வீரன் இல்லை. துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்று சொல்லி இரண்டரை வருடம் சிறையில் சாக்குப்பை தைத்தவன். நான் வீழவும் இல்லை, தினமும் காலை ஆறு மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறேன். நான் உன் கணவனும் இல்லை. என்னை ஆட்டத்திலிருந்து துரத்தினீர்கள், சரி. துரத்தியதையே ஒரு நடனமாக்கி, அதற்கு அஞ்சலி என்று பெயரும் சூட்டி, புத்தகமாக விற்கிறீர்களே, இதற்கு வெட்கமே கிடையாதா?

போர் முடிந்ததைக் கொண்டாடிய சமாதான நாளன்று, விரட்டியதும் நான் உடனே போய்விட்டதாக நீ நினைத்திருப்பாய். போகவில்லை. பள்ளிக்கூடச் சுவரோரம் மழையில் நின்றிருந்தேன். நீ ஆடியதைக் கேட்டேன். உன் மரக்காலணியின் சத்தம் எனக்குத் தெரியாதா? தம்பியை வெளியே தள்ளிய பிறகும் நீ ஆடினாய். அப்புறம் வயலின் சேர்ந்துகொண்டது. கூடமே ஆரவாரம் செய்தது. அதற்குமேல் நிற்க என்னால் முடியவில்லை.

கடைசியாக ஒன்று. உன் அடிவரிசையைக்கூட அந்த மனிதர் தப்பாக எழுதியிருக்கிறார். பெண்ணின் அடியில் குதிகால் இரண்டு முறை தட்டும். புத்தகத்தில் மூன்று என்று இருக்கிறது. விற்பதையாவது ஒழுங்காக விற்கச் சொல்.

ரூபன் கோட்ஸ்


விதர்டேல்
பிப்ரவரி 15, 1931

ரூபன்,

'அவர்களுக்கு' போட்டெல்லாம் எனக்கு எழுத வராது. உனக்கு மூக்குச் சிந்திவிட்டு வளர்த்தவள் நான்.

உன் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்தபோது பால் வாளி கையிலிருந்து நழுவிவிட்டது. உயிரோடு இருக்கிறான் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். பிரித்துப் படித்ததும் அந்தச் சந்தோஷத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு வருடமாக ஒரு வரி கிடையாது. நான் விசாரித்து எழுதிய இரண்டு விலாசத்திலிருந்தும் கடிதம் திரும்பி வந்தது. இப்போது எழுதுகிறாய், அதுவும் என்னைத் திட்ட!

நீ செத்துப்போனாய் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் புத்தகத்தை என் கண்ணாலும் பார்த்ததில்லை. அந்த மனிதரைப் பார்த்தேன். போன வருடத்துக்கு முந்தின வருடம் பெந்தெகொஸ்தே திங்கள்கிழமை, நம் ஊர் ஆட்டத்தன்று, மோட்டார் காரில் வந்து இறங்கினார். வெள்ளைக் காலுறை. எல்லோரிடமும் கேட்டார்: "அந்தம்மா ஏன் தனியா ஆடறாங்க?" பள்ளிக்கூட வாத்தியார் "அது வந்து... போர் சமயத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். ஒருவனைக் கூடி நின்று விரட்டினோம் என்று விருந்தாளியிடம் யார் வாயைத் திறப்பார்கள்? போர் என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது, மீதியை அவரே கட்டிக்கொண்டார். என்னிடமும் வந்தார். "ஆடும்போது உங்க மனசுல என்ன ஓடுதும்மா?" என்று கேட்டார். "மாட்டுக்கு நேரமாச்சுன்னு ஓடுது" என்றேன். அதையும் ஏதாவது துயரமாக்கி எழுதியிருப்பார்.

கிறிஸ்துவுக்கு முந்தையதாம்! நம் தாத்தா சிறுவனாயிருந்தபோது லிஸ்டர் என்ற நொண்டிக்கால் நடன வாத்தியார் மட்டக்குதிரையில் வந்து, மதுக்கடைக்கு மேலே இருந்த பரணில் ஆறு வாரம் தங்கிச் சொல்லிக்கொடுத்த ஆட்டம் இது. லண்டனில் அச்சான இசைத்தாள் ஒரு கட்டு கொண்டுவந்தார். முதல் சுற்றின் மெட்டு பாரிஸ் நாடகக் கொட்டகையிலிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். இரண்டாவதன் மெட்டு பாதி மறந்துபோய், நம் வயலின்காரர் கிட் டின்ஸ்டேலின் தாத்தா நடுவில் ஒரு வேட்டைப் பாட்டைச் சொருகினார். மூன்றாவது, நம் ஞாயிற்றுக்கிழமைத் துதிப்பாட்டை வேகமாக வாசிப்பதுதான். பாதிரியாருக்கு இன்றுவரை தெரியாது. துரைமார் வரவேற்பறையில் பட்டுச் செருப்பால் ஆடியதை நம்மவர்கள் லாடம் அடித்த மரக்காலணியால் ஆடினார்கள், அவ்வளவுதான் கதை. இத்தனையும் அந்தப் புத்தகக்காரரிடம் சொன்னேன். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார்.

ஆனால் ஒன்றை அவர் சரியாக எழுதியிருக்கிறார். குதிகால் மூன்று. விரல்விட்டு எண்ணியதை நானே பார்த்தேன். இரண்டு தட்ட வேண்டியவள் ஏன் மூன்று தட்டினாள் என்று நீ யோசிக்கவே இல்லையா?

சுவரோரம் நின்றாயாம். இன்னும் ஐந்து நிமிஷம் நிற்க உன் காலில் பலம் இல்லையா? நான் வெளியே ஓடி வந்தேன். ஒருவரும் இல்லை. ஸ்டேஷன்வரை ஓடினேன். வண்டியின் புகைதான் இருந்தது.

ஆனிஸ்


லெஸ்டர்
பிப்ரவரி 22, 1931

ஆனிஸ்,

ஸ்டேஷன்வரை வந்தாய் என்பது எனக்குத் தெரியாது. அதற்காக நான் உருகிவிடுவேன் என்று நினைக்காதே.

வியாழக்கிழமை மறுபடி வகுப்புக்குப் போனேன். நான்காம் சுற்று வந்ததும் எழுந்து, "மூணு தட்டுறது ஆம்பளையோட அடி. பொம்பளைக்கு ரெண்டு" என்றேன்.

அந்தப் பெண் பயந்துபோய், "மன்னிச்சுக்குங்க மிஸ்டர் கோட்ஸ், புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு" என்றாள்.

"புத்தகத்துல நான் செத்துட்டேன்னுகூடத்தான் போட்டிருக்கு" என்றேன்.

ஃப்ளோரி என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சிறை, சமாதான நாள், சதுரத்தில் நான் நின்றது, எல்லாம். ஒற்றைக் கையோடு ஒருவர் வருவார், பெல் என்று பெயர், மற்ற கையை ஃப்ரான்ஸில் விட்டுவிட்டு வந்தவர். அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். வெளியே போகப்போகிறார் என்று நினைத்தேன். நேராக என் முன்னால் வந்து நின்று, "அப்ப வந்து அந்த அடியச் சொல்லிக்குடுய்யா, எத்தன நேரம் பேசிக்கிட்டே இருப்ப?" என்றார்.

சொல்லிக்கொடுத்தேன். பன்னிரண்டு வருடம் கழித்தும் காலுக்கு மறக்கவில்லை.

நீ மூன்று என்று எழுதியதன் அர்த்தம் எனக்குப் புரியாமல் இல்லை. நம்பத்தான் முடியவில்லை. நான் ஆரவாரத்தைக் கேட்டேன், ஆனிஸ். என் காதால் கேட்டேன். நீ ஆடினாய், ஜனங்கள் கொண்டாடினார்கள், கிட் வாசித்தார். இதைத்தான் நான் பன்னிரண்டு வருடமாகச் சுமக்கிறேன். நான் கதவைத் தாண்டிய பிறகு உள்ளே என்ன நடந்தது? நேராக எழுது. மாடு, வாளி என்று சுற்றாதே.

ரூபன்


விதர்டேல்
மார்ச் 8, 1931

ரூபன்,

நேராகவே எழுதுகிறேன். படித்துவிட்டு உன் காதைக் கழுவு.

சமாதான நாள். மழை என்று ஆட்டத்தைப் பள்ளிக்கூடத்துக்குள் வைத்தார்கள். நீ சிறையிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நாலாவது ஜோடி எப்போதும் நாம்தான், நாம் போய் நின்றோம். மூன்று சுற்று முடியும்வரை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான்காவதில் நீ ஒவ்வொரு பெண்ணாகக் கை கொடுத்துக்கொண்டு வர வேண்டும். கிட்டின் மகள் நெல்லியிடம் நீ கையை நீட்டினாய். அவள் தன் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அவள் அண்ணன் ஆல்ஃபி அதற்கு முந்தின வருடம்தான் போரில் குண்டடிபட்டுச் செத்திருந்தான். கிட் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்தார். யாரோ "வெளிய போடா" என்றார்கள். நீ போனாய். இதுவரை உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதது இது. நீ ஆட வேண்டிய எட்டுத் தாளக்கட்டு தொடங்கும் இடம் அது. நான் என் இடத்தில் நிற்கவில்லை. குறுக்கே நடந்து உன் இடத்துக்குப் போனேன். கிட்டைப் பார்த்தபடி உன் அடியை ஆடினேன். உன்னுடையதை, மூன்று குதிகாலோடு. பாட்டில்லாமல், பலகை உடைகிற மாதிரி தட்டினேன். "இது ரூபனோடது! இது ரூபனோடது!" என்று கத்திக்கொண்டே தட்டினேன். அந்தச் சத்தத்தில் அது உனக்குக் கேட்டிருக்காது. நீ கேட்டது கொண்டாட்டம் இல்லை. அத்தனை பேரும் என்னை நிறுத்தச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். ஒருவர் தொப்பியை என்மேல் எறிந்தார். கிட் வாசிக்க ஆரம்பித்தது எனக்காக இல்லை, என் காலின் சத்தத்தை அமுக்குவதற்காக.

இதைத்தான் ஆரவாரம் என்று பன்னிரண்டு வருடம் சுமந்தாயா? முட்டாள்.

அடுத்த வருடமும் போய் நின்றேன். வேறு ஜோடி தருகிறோம் என்றார்கள். "என் ஜோடி இருக்கு, ஊர்ல இல்ல, அவ்ளோதான்" என்றேன். உன் முறை வந்தது. கிட் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டார், நான் குறுக்கே போய்த் தட்டினேன். அதற்கடுத்த வருடமும் அப்படியே. அவர் ஒருமுறைகூட வாசிக்கவில்லை, நான் ஒருமுறைகூட விடவில்லை. நாலைந்து வருடத்தில் ஊர் பழகிவிட்டது. இப்போது ஆட வரும் பிள்ளைகள், நான்காம் சுற்று என்றால் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். அந்தக் காலுறைக்காரர் பார்த்தது எங்கள் இரண்டு பேரின் சண்டையை. அவருக்கு அது பலிச் சடங்கு!

உன் கடிதம் வந்ததும் கிட்டின் காலணிப் பட்டறைக்குப் போனேன்.

"அந்த லண்டன் தொரகிட்ட நீதான் சொன்னியா?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"இல்லன்னாவது சொன்னியா?"

"அதுவும் சொல்லல."

"ஏன் சொல்லல? எந்தம்பியப் புத்தகத்துல கொன்னுட்டான்யா!"

அவர் ஆணியை வாயிலிருந்து எடுத்தார். "எம்புள்ளைய நெசமாவே கொன்னாங்க, ஆனிஸ்" என்றார்.

வந்துவிட்டேன்.

அந்தப் புத்தகக்காரருக்கும் எழுதினேன். என் தம்பி உயிரோடு இருக்கிறான், நான் கல்யாணமே ஆகாதவள், திருத்துங்கள் என்று. பதில் வந்தது. 'மரபு என்பது அதைச் சுமக்கும் தனிமனிதர்களைவிட ஆழமாக அறியும், அம்மா' என்று எழுதியிருக்கிறார். நான் யாரைக் கட்டினேன் என்று எனக்குத் தெரியாதாம், மரபுக்குத் தெரியுமாம்! கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

இதற்குமேல் ஒன்று. மே மாதம் லண்டனில் பெரிய மண்டபத்தில் நம் ஊர்க்காரர்கள் ஆட வேண்டும் என்று அழைத்திருக்கிறார்கள். ஊர் தலைகால் தெரியாமல் துள்ளுகிறது. கடைக்காரி என் முகத்துக்கு நேரே, "நம்மூருக்கு ஒரு நல்ல பேரு கெடச்சிருக்கு, நீ வாயத் தொறந்து கெடுத்துடாத" என்றாள். நான் இல்லாமல் நான்காம் சுற்று இல்லை என்பதால்தான் என்னிடம் பேசவே செய்கிறார்கள். போகலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆனிஸ்


லெஸ்டர்
மார்ச் 14, 1931

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ஃப்ளோரியிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். தொப்பி எறிந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டாள். "இப்படி ஒரு அக்காவ வச்சுக்கிட்டு என்கிட்ட எனக்கு யாருமில்லன்னு சொன்னீங்களா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

நான் அன்று எண்ணவில்லை, அக்கா. சுவருக்கு அந்தப் பக்கம் குதிகால் இரண்டா மூன்றா என்று எண்ணியிருந்தால் எல்லாம் வேறாகியிருக்கும். கோபத்தில் இருந்தவனுக்கு எண்ணத் தோன்றவில்லை. ஜன்னல் என் தலைக்கு மேலே ஒரு முழம்தான். எட்டிப் பார்த்திருக்கலாம். பன்னிரண்டு வருடம் உன்னைத் தப்பாக நினைத்ததற்கு நான் என்ன எழுதினாலும் பற்றாது.

ஆனால் அந்த மனிதர்மேல் உள்ள கோபம் எனக்கு ஒரு இம்மிகூடக் குறையவில்லை. நான் மறுத்தேன் என்பதற்காக ஊர் என்னை வெறுத்தது. அதையாவது நான் சம்பாதித்தேன். அந்த வெறுப்பைக்கூட என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு பதக்கம் குத்தி அனுப்புகிறாரே!

லண்டனுக்குப் போ. நான் வரமாட்டேன். என் நினைவஞ்சலிக்கு நானே போய் உட்கார என்னால் ஆகாது. நீ போய், மேடையில் நின்று, அன்று கத்தியதைக் கத்து. இந்த முறை எல்லோருக்கும் கேட்கட்டும்.

உன் தம்பி
ரூபன்


விதர்டேல்
மே 12, 1931

அன்புள்ள ரூபன்,

போய்விட்டு வந்தோம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை பிற்பகல் ஆட்டம். மண்டபம் நம் கீழ்ப்பண்ணை வைக்கோல் நிலம் அளவு இருந்தது. மாடிமேல் மாடியாக ஜனங்கள். நான் சொல்ல வேண்டியதை நாலு வரியில் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்: 'என் பெயர் ஆனிஸ் கோட்ஸ். நான் விதவை இல்லை. இது என் தம்பியின் இடம். அவன் லெஸ்டரில் உயிரோடு இருக்கிறான்.' உன் முறை வந்ததும் ஆடாமல் நின்று இதைச் சொல்வது என்று முடிவு. யாரிடமும் மூச்சு விடவில்லை.

கிட் வழி முழுக்க வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அறுபத்துமூன்று வயதில் முதல்முறையாக லண்டனுக்கு வருகிறார்.

மூன்று சுற்று ஆடி முடித்தோம். பலத்த கைதட்டல். அப்போது வின்டர்போர்ன் மேடை ஓரத்துக்கு வந்து பேச ஆரம்பித்தார். அதே காலுறை. "இப்ப நீங்க பாக்கப் போறது ஒரு புனிதமான விஷயம். போர்ல வீழ்ந்த கணவனுக்காக ஒரு கிராமத்துப் பொண்ணு ஆடறா. வயலின் நிக்கிற அந்த எட்டுத் தாளக்கட்டுக்கும் தயவுசெய்து எல்லாரும் எழுந்து நின்னு, வீழ்ந்தவங்கள நினைச்சுக்குங்க."

நான் கிட்டைப் பார்த்தேன். அவர் கழுத்திலிருந்து சிவப்பு ஏறி நெற்றிவரை போனது. நெல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

நான்காம் சுற்று தொடங்கியது. முதல் ஜோடி, இரண்டாவது, மூன்றாவது. நம் முறை. வின்டர்போர்ன் கையை உயர்த்தினார். அத்தனை ஜனமும் எழுந்து நின்றது. அத்தனை நாற்காலியும் ஒன்றாக மடங்கும் சத்தம், கூரையே இடிந்து விழுவதுபோல. நான் குறுக்கே நடந்து உன் இடத்துக்கு வந்து, நாலு வரியைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

கிட் வில்லைத் தந்தியிலிருந்து எடுக்கவில்லை.

வாசித்தார், ரூபன். உன் எட்டுத் தாளக்கட்டையும் வாசித்தார். அந்த மெட்டு உன் அடிக்கு ஒலித்து எத்தனை வருடம் ஆகிறது! எனக்குக் கால் ஓடவில்லை. மௌனத்தில் ஆடியே பழகிப்போனவள், பாட்டு வந்ததும் முதல் தாளத்தைத் தவறவிட்டுத் தடுமாறினேன். அவர் என்னை முறைத்தார். "ஆடு புள்ள!" என்று அதட்டினார், மேடையிலேயே. பிடித்துக்கொண்டேன். ஆடினேன். நாலு வரியும் எங்கே போனதோ தெரியாது.

ஜனங்கள் எழுந்து நின்றபடியே விழித்தார்கள். சிலர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்திருந்தார்கள். வயலின் கும்மாளமாக ஓடிக்கொண்டிருக்கிறது. மாடியில் யாரோ சிரித்தார்கள். சிலர் உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

முடிந்து உள்ளே வந்ததும் வின்டர்போர்ன் பாய்ந்து வந்தார். "மௌனம் எங்க? மௌனம் எங்கய்யா? எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டீங்களே! எவ்வளவு பெரிய மரபு தெரியுமா அது?"

கிட் வயலினைத் துணியில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்தார். "தம்பி, எம்புள்ள பேரு ஆல்ஃபி டின்ஸ்டேல். பத்தொம்பது வயசு. அவனுக்காக நான் பாட்ட நிறுத்தல. நெல்லியக் கேளு, ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அவன் படத்துக்கு முன்னாடி அவனுக்குப் புடிச்சத வாசிக்கிறேன். நீ புனிதம்னு சொன்னியே, அது என்னோட வன்மம். கோட்ஸ் பையனுக்கு வாசிக்கமாட்டேன்னு ஒரு கெழவன் புடிச்ச வீம்பு. அதுக்கு இத்தன ஜனத்த எழுந்து நிக்க வெச்சியா? எம்புள்ள பேரச் சொல்லியா?"

"ஆனா நீங்க மறுக்கவே இல்லையே..."

"மறுத்திருக்கணும். அது என் தப்பு. அந்த மறுப்பத்தான் இப்ப வாசிச்சேன்."

அந்த மனிதருக்கு அப்போதும் புரியவில்லை. அடுத்த பதிப்பில் இதை 'பின்னாளில் நேர்ந்த சிதைவு' என்று அடிக்குறிப்பாகப் போடப்போகிறாராம். போகட்டும். எனக்கு ஒரு குறைதான். அந்த நாலு வரியை அந்த ஆளின் காதிலாவது சொல்லியிருக்கலாம்.

ஊர் என்ன சொல்கிறது என்று கேட்பாய். கடைக்காரி எங்கள் இரண்டு பேருக்கும் சாமான் தரமாட்டேன் என்கிறாள். கிட் மூன்று மைல் நடந்து அடுத்த ஊர்க் கடைக்குப் போகிறார். எனக்கும் சேர்த்துத் தேயிலை வாங்கி வந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறார், ஒரு வார்த்தை கிடையாது.

ரயிலில் திரும்பும்போது மட்டும் பேசினார். நீ நினைக்கிற மாதிரி இல்லை, அப்படியே எழுதுகிறேன்.

"அவனுக்கு எழுதுவியா?"

"எழுதுவேன்."

"நான் அவன மன்னிக்கலன்னு எழுது. எம்புள்ள போனான், அவன் போகல. அது எனக்கு ஆறாது."

"சரி."

கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடி சொன்னார். "அவன் வந்து நின்னா வாசிப்பேன்னும் எழுது. ரெண்டும் வேற வேற."

பெந்தெகொஸ்தே திங்கள்கிழமை இருபத்தைந்தாம் தேதி வருகிறது. வா என்று நான் கெஞ்சமாட்டேன். கெஞ்சுகிற வயசு போய்விட்டது.

உன் அக்கா
ஆனிஸ்


லெஸ்டர்
மே 16, 1931

அன்புள்ள அக்கா,

கிட் சொன்னதை நாலு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. நானும் அவரை மன்னிக்கவில்லை, அதையும் அவரிடம் சொல்லிவிடு. ஆல்ஃபியும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவன் செத்ததற்கு நான் அழவில்லை என்று அந்த மனிதர் நினைத்தால், அதைப்பற்றி அவரோடு நேரில் சண்டை போட வேண்டியிருக்கிறது.

அதனால் வருகிறேன். சனிக்கிழமை மூன்று மணி வண்டி. ஃப்ளோரியும் வருகிறாள். பெல் தானும் வருவேன் என்று அடம்பிடிக்கிறார், அவருக்குப் படுக்க இடம் வேண்டும். கடைக்காரி சாமான் தரமாட்டாள் என்பதால் தேயிலை, சர்க்கரை எல்லாம் ஃப்ளோரி கட்டிவைத்துவிட்டாள்.

கிட்டுக்கு இன்னொன்று சொல். நான்காம் சுற்றை அவர் எப்போதும் அவசரப்படுத்துவார். ஆண்களின் அடிக்கு மூச்சுவிட இடம் வேண்டும். நிதானமாக வாசிக்கச் சொல், இல்லாவிட்டால் நடுவிலேயே நிறுத்தி அங்கேயே கேட்பேன்.

என் இடத்தில் நான் நின்றுகொள்கிறேன், அக்கா. நீ உன் பக்கத்துக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். பன்னிரண்டு வருடமாக என்னுடையதையே ஆடிக்கொண்டிருக்கிறாயே, உன்னுடையது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. மாட்டுத் தொழுவத்தில் யாரும் பார்க்காதபோது ஆடிப் பழகிக்கொள்.

ரூபன்